ஆடிக் காற்றும் கோத்தகிரி இறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் சைக்கிளுக்கு எழுதியவர் ஒதுக்கியது ஒரே ஒரு பத்தி. தொடைக்குப் பலம் ஏற்றிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும் என்கிற மாதிரி அதிலேயே முடித்தும்விட்டார். அந்த வரியை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஏன் சிரித்தான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 44. சென்னிமலைக்காரி. பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் ஐப்பசியில் பாதித் தூரப் போட்டியை முடித்தேன். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இப்போது முழுத் தூரத்துக்குத் தயாராகிறேன். அதில் எல்லாமே இரண்டு மடங்கு: 3.8, 180, 42.2. நூற்றி எண்பது கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று மில்லில் கேட்டார்கள். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் இருந்து கடைமடை வரைக்கும் சுமார் 200 கி.மீ. அதில் கடைசிக் கொஞ்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். தண்ணீர் வந்து சேரவே நாள்கணக்கில் ஆகுமே என்று ஒருவர் வாயைப் பிளந்தார்.

நீச்சலுக்கு நான் பயந்ததில்லை. ஆறு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டார் அப்பா. ஓட்டமும் அப்படித்தான், மெதுவாக ஓடுவேன், ஆனால் நிற்க மாட்டேன். சைக்கிளில்தான் எனக்கு வந்த சிக்கலெல்லாம். அது ஒன்றல்ல, தெம்பு ஒன்று, தைரியம் ஒன்று என இரண்டு சிக்கல் என்று புரிந்துகொள்ளவே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அதுதானே என் பிழைப்பு. பெரிய போட்டிகளில் பொதுவாக மொத்தம் 17 மணி நேரம் தருவார்கள். தண்ணீரில் இறங்கிய நேரத்தில் இருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிளை முடித்தாக வேண்டும். நீந்த எனக்கு ஒரு மணி நாற்பது நிமிடம், துணி மாற்றிக் கிளம்பப் பத்து நிமிடம் என்று வைத்தால், மிச்சம் 8 மணி 40 நிமிடம். அதில் 180 போக மணிக்கு 21 கி.மீ. வேகம் வேண்டும், நடுவில் நிறுத்துகிற நேரத்தையும் சேர்த்து. கேட்க ஒன்றுமில்லாத வேகம்தான். ஐந்தாவது மணி நேரத்தில், எதிர்க்காற்றில், இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று விதி. காற்றை அவரவரேதான் சமாளிக்க வேண்டும்.

‘அயர்ன்மேன்’ என்கிற இந்த முழுத் தூரப் போட்டி பிறந்த கதையிலேயே சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. ஹவாய் தீவுகளில், நீச்சல்காரர்களுக்கு உடல் திடம் அதிகமா, ஓட்டக்காரர்களுக்கு அதிகமா என்று ஒரு வாக்குவாதம். அமெரிக்கக் கடற்படையில் இருந்த ஜான் காலின்ஸ் குறுக்கே புகுந்து, எடி மெர்க்ஸ் போன்ற சைக்கிள்காரர்களை விட்டுவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார். மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் வைப்போம் என்று 1978-இல் ஆரம்பித்தார்கள். கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அடுத்த வருடம், 1979-இல், இதை முடித்த முதல் பெண் லின் லெமேர். அவர் அடிப்படையில் சைக்கிள் வீராங்கனை. ஆண்களையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது இடம். மில்லில் யாராவது என்னைக் கிண்டல் பண்ணினால் இந்தப் பெயரைத்தான் எடுத்து நீட்டுவேன்.

சரி, தெம்பு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த வாத்தியார் ஆடிக் காற்று.

அப்பா சென்னிமலையில் நெய்த பெட்ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாக சைக்கிள் கேரியரில் வைத்து ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஈரோடு எங்களுக்கு வடகிழக்கே. ஆடி மாதத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், பாரம் தெரியாது. திரும்பும்போது கேரியர் காலி, ஆனால் காற்று நெஞ்சில் நிற்கும். கியர் இல்லாத வண்டி. பொழுதோட கிளம்பினால் வீடு வந்து சேர ராத்திரி சோறு ஆறிப்போயிருக்கும். நான் இந்தப் பயிற்சியை ஆரம்பித்து, காற்றில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: “காத்துக்கூட மல்லுக்கட்டாதே அம்மணி. அது எவ்வளவு வேணாலும் அடிக்கட்டும். நீ உன்ற மிதியப் பாரு.”

அதன் அர்த்தம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும், அதைத் தள்ளப் பிடிக்கிற சக்தி எட்டு மடங்கு. அதனால் எதிர்க்காற்றில் மீட்டரைப் பார்த்து 25-ஐப் பிடிக்கணும் என்று மிதித்தால் அரை மணியில் தீர்ந்துபோவோம். வேகத்தை மறந்துவிட்டு, ஒரே அளவு பிரயாசையில் போக வேண்டும். 17 காட்டினால் 17.

நம் பக்கத்துக் காற்றுக்குக் காரணம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியே நம்மேல் கொட்டுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். நான் ஞாயிறு காலை காங்கேயம் போய், அங்கே இருந்து பல்லடம் சாலையில் மேற்கே திரும்புவேன். நீண்ட ஏற்றம் இல்லாத பக்கத்தில் அதுதான் எனக்கு மலை. ஐந்து நிமிடம் கனமான கியரில், சீட்டை விட்டு எழாமல், நிமிடத்துக்கு 50, 55 சுற்று மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் லேசான கியரில் 90 சுற்று. சுற்றை எண்ண வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவேன். முதல் வாரம் மூன்று தடவை, ஆடி முடிவதற்குள் ஆறு தடவை. திரும்பி வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும், மாடு மேய்க்கிற பையன்களுக்குக் கையாட்டக்கூட முடியாத வேகம். (கையாட்ட முடியாததற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. அதற்குத்தான் வருகிறேன்.)

மூட்டுக்கு முன்பக்கம் வலி வந்தது. சீட்டை ஒரு விரல் உயர்த்தினேன், நின்றது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் ஏறி இறங்குவேன். முதலில் பாதிக் கேன், பிறகு முழு 20 லிட்டர். பக்கத்து வீட்டு ஆத்தா, “ஏனம்மணி, கேனை எங்க வைக்கிறதுன்னு மறந்துபோச்சா?” என்று கேட்டதோடு சரி, யாரும் தடுக்கவில்லை. நான்கு மாதத்தில் சமதளத்தில் என் சராசரி 22-இல் இருந்து 26 ஆனது. தெம்பு வந்துவிட்டது. உங்கள் கட்டுரையாளர் சொன்னபடி பார்த்தால் இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஐப்பசிப் போட்டியில் 90 கி.மீ.க்குள் தண்ணீர் குடிக்க ஏழு தடவை நிறுத்தினேன். ஹேண்டில்பாரில் இருந்து ஒரு கையை எடுத்தால் வண்டி ஆடியது, வண்டி ஆடினால் மனசு ஆடியது. பாட்டில் காலுக்கு நடுவில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எடுக்க முடியாது. மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர், 60 கிராம் மாவுச்சத்து என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு வாழைப்பழத்தையும் கடலை மிட்டாயையும் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எடுக்கப் பயந்து பசியோடு போனேன். கடைசி எட்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் கால் பிடித்துக்கொண்டதற்கு அந்த வாழைப்பழம்தான் காரணம்.

அப்புறம் மாசியில் கோத்தகிரி. சைக்கிள் குழுவில் எட்டுப் பேர் மேட்டுப்பாளையத்தில் விடியும் முன்னே கிளம்பினோம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஏற்றம். மூன்றாவது ஆளாக மேலே போய்ச் சேர்ந்தேன். என் வயதில் பாதி இருந்த பையன்கள் பின்னால் வந்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. டீ குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தோம்.

இறக்கத்தில் முதல் வளைவிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிடித்த பிடியை விடவே இல்லை. பத்து நிமிடத்தில் முன்கை நடுங்கியது, சுண்டுவிரல் மரத்துப்போனது. நிறுத்தி இறங்கி, தெரியாத்தனமாக ரிம்மைத் தொட்டேன். தோசைக்கல். அப்படியே பிடித்துக்கொண்டு போனால் சூட்டில் டியூப் வெடித்துவிடும் என்று பின்னால் வந்த பையன் சொன்னான், அது வேறு பயம். பதினோரு இடத்தில் நின்றேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்க, வண்டியைத் தூக்கிக்கொண்டு கட்டைச்சுவர் ஓரம் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது ஆளாகக் கீழே வந்தபோது ஆறாவதாக வந்தவர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்திருந்தார்.

குழுவில் ஒரு பெரியவர் உண்டு, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். என்னோடு கடைசி வளைவுகளில் கூடவே வந்தவர் அவர்தான். “ஏனுங்க அம்மணி, நீங்க ரோட்டப் பாக்கறதில்லீங்க, சுவத்தையே பாக்கறீங்க. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதானுங்க போகும்.” உண்மைதான். முப்பது கிலோமீட்டரும் நான் பார்த்தது அந்த மஞ்சள் கறுப்புக் கட்டைச்சுவரைத்தான்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ஏறுகிறதற்குக் கால் போதும். இறங்குகிறதற்கும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறதற்கும், பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிறதற்கும் வேறொன்று வேண்டியிருக்கிறது. அது எத்தனை கேன் தூக்கினாலும் வராது. தெம்பு இருக்கிறவருக்குப் பயம் வந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பயத்தோடு வேகமும் சேர்ந்துகொள்கிறது.

எனவே பங்குனியில் நான் மறுபடி ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியார் என் மகன், வயது 13. பள்ளிக்கூடம், வாரச்சந்தை கூடுகிற திடல். சந்தை இல்லாத நாளில் அங்கே இரண்டு நாயும் காய்ந்த முட்டைக்கோஸ் இலையும்தான் இருக்கும். அவன் பின்னால் நின்றுகொண்டு விரலை உயர்த்துவான். நான் போகிற போக்கில் வலது தோள் வழியாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், வண்டி கோடு மாறாமல். முதல் நாள் திரும்பிய பக்கமே வண்டியும் திரும்பி, தக்காளிக் கூடை அடுக்குகிற மேடையில் போய் நின்றது. “அம்மா, தலை மட்டும் திரும்போணும், தோள் இல்ல” என்றான். முகவாயைத் தோளில் வைக்கிற மாதிரித் திருப்பி, இடது கையை இறுக்காமல் விட்டால் வண்டி நேராகப் போகிறது. ஒன்பது நாள் ஆயிற்று, அது வர.

பிறகு இரண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போடுவது. வளைகிறபோது வெளிப்பக்கத்துக் கால் கீழே, உடம்பின் பாரம் அந்தக் காலில். உள்பக்கத்து மிதி மேலே, இல்லாவிட்டால் சாய்கிறபோது தரையில் தட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நான் அதுவரை செய்துகொண்டிருந்தது நேர் எதிர். முன் பிரேக்குக்குத்தான் நிறுத்துகிற பலம் அதிகம். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நாற்பது வருடம் நம்பியிருக்கிறேன். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறது. மகன் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு எவ்வளவு தள்ளி நின்றேன் என்று ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிவைத்தான். என் பள்ளி மதிப்பெண்ணைக்கூட யாரும் இவ்வளவு கறாராக எழுதியதில்லை.

பாட்டில் பயிற்சி கடைசியில். முதலில் தொட்டுவிட்டுக் கையை எடுப்பது. பிறகு உருவி மறுபடி சொருகுவது. பிறகு குடிப்பது. மூன்றாவது வாரம் ஒரு மடக்கு குடித்தேன், மகன் விசில் அடித்தான், அந்தச் சத்தத்தில் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டேன்.

செருப்பை மிதியோடு பூட்டிக்கொள்கிற கிளீட் சமாச்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு தடவையாவது விழுவார்கள். நான் விழுந்தது காங்கேயத்தில், பட்டப்பகலில், பஸ்ஸுக்காக நாற்பது பேர் நின்ற இடத்தில். முன்னால் வண்டி நின்றதும் நானும் நின்றேன், காலைக் கழற்ற மறந்துவிட்டேன். குதிகாலை வெளிப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். எனக்கு அந்த நேரத்தில் காலை இழுக்கத்தான் தோன்றியது. நூல் மூட்டை சாய்கிற மாதிரி மெதுவாக, முழுசாகச் சாய்ந்தேன். ஒரு கண்டக்டர் ஓடிவந்து முதலில் சைக்கிளைத் தூக்கினார், விலை அதிகமிருக்கும் என்று நினைத்திருப்பார். இப்போது நிறுத்துவதற்கு இருபது அடி முன்னாலேயே இடது காலைக் கழற்றிவிடுகிறேன்.

காற்றும் தைரியத்துக்கு வாத்தியார்தான் என்று இந்த ஆடியில் கண்டுகொண்டேன். காங்கேயத்தில் இருந்து தாராபுரம் சாலை தெற்கே போகிறது, காற்று வலது பக்கத்தில் இருந்து அடிக்கும். ஊதியூர் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி. வேலி இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. வேலி முடிந்து கடவு வருகிற இடத்தில், பத்தடி அகலத்துக்குக் காற்று வந்து கன்னத்தில் அறையும். முன்பெல்லாம் அந்த இடத்தில் பிடியை இறுக்குவேன், வண்டி இன்னும் அதிகமாக விலகும். இப்போது கடவு தெரிந்ததும் முழங்கையை மடக்கிப் பிடியைத் தளர்த்துகிறேன். வண்டி ஒரு சாண் நகர்ந்துவிட்டுத் தானே நேராகிறது. உள்ளே காங்கேயம் மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான்.

இனி உங்கள் பத்திரிகை மூலமாகச் சாலைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வேகத்தடை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வெள்ளை அடியுங்கள். காலை ஐந்தரை மணிக்குக் கறுப்புத் தார்மேல் கறுப்பு மேடு, லைட் வெளிச்சத்தில்கூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சைக்கிள் போக இடம் விட்டிருக்கிறீர்கள், அதில் மண்ணும் ஜல்லியும் மூடிக் கிடக்கிறது. கூட்டிவிட்டாலே போதும், புதுச் சாலை கேட்கவில்லை. மக்காச்சோளமும் கொள்ளும் சாலையில் காயப்போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, களம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள். ஆனால் பொழுது இறங்கியதும் சுற்றி வைத்த கல்லை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள் சாமி.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை இந்தப் போட்டியைப் பற்றி எழுதும்போது சைக்கிளின் விலையைத் தலைப்பில் போடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டு பெண்கள், நமக்கெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். என்னுடையது இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. திரும்பிப் பார்க்கவும் ஒரு கையில் ஓட்டவும் பழகுவதற்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சைக்கிளே போதும், சந்தைத் திடலுக்குக் காசும் இல்லை.

வருகிற ஞாயிறு மறுபடி கோத்தகிரி போகிறோம். மகன் பின்னால் காரில் வருகிறான், இறக்கத்தில் எத்தனை இடத்தில் நிற்கிறேன் என்று நோட்டில் எழுத. நான்குக்கு மேல் போகாது என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். அவன் ஆறு என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னிமலை.